அரை மிஸ்ஸி

வெள்ளை உடுப்புக்குக் கஞ்சி போட்டு அயர்ன் பண்ணுவதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது, சார். பாருங்கள், ஜீப்பில் ஏற்றி வந்த பிறகும் ஒரு கசங்கல் இல்லை.

மூன்று வருடத் தாதிப் படிப்பில் எனக்குப் பாதிதான் முடிந்திருந்தது. அதற்குள் உதவித் தாதிப் பரீட்சை எழுதி அனுமதிப்பத்திரம் வாங்கிவிட்டேன். நமுனுகுலைத் தேயிலைத் தோட்டத்தில் என் அப்பா வீரசிங்கம், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டில் நின்ற எல்லாருக்கும் டொபி மிட்டாய் கொடுத்தார். "எங்க ஜீவராணி மிஸ்ஸியாயிருச்சுங்க" என்று சொல்லிச் சொல்லியே அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. நான் லயத்து வாசலில் நின்று சிரித்தேன். அடக்கவே முடியவில்லை.

வகுப்பில்லாத நாட்களில் பதுளையில் ஜெனீரா உம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அவருக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் ஊசி போட வேண்டும். மகன் மர்ஸூக்குக்கு அப்புத்தளையில் புடவைக் கடை. உம்மா நல்லவர். இனிப்பென்று தான் தொடக்கூடாத வட்டிலப்பத்தை எனக்கென்று எடுத்து வைப்பார்.

ஒருநாள் ஊசி போட்ட பிறகு சோறு வேண்டாமென்று ஒதுக்கிவிட்டார். சர்க்கரை இறங்கி, வியர்த்துக் கொட்டி மயங்கினார். நான் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினேன், கண் திறந்தார். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த மர்ஸூக் அழுதுவிட்டார். "மிஸ்ஸி, நீங்க இல்லாட்டி உம்மா மௌத்தாகியிருப்பாங்க." அக்கம்பக்கமெல்லாம் வந்து என்னைப் பார்த்தது. அன்று ஊருக்குப் போன பஸ் வளைவுக்கு வளைவு சாய, எனக்கு ஊஞ்சலில் ஆடுவது போலிருந்தது.

பிறகு உம்மா நன்றாகத் தேறினார். "இனி மிஸ்ஸி தேவைப்படாது போல" என்றார் மர்ஸூக். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

அதனால் இன்சுலினைக் கொஞ்சம் கூட்டினேன். உம்மா மயங்குவார், நான் எழுப்புவேன். என்ன சுலபம் தெரியுமா, சார்? ஒவ்வொரு முறையும் என் கையைப் பிடித்து எனக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்பார்.

போன வெள்ளிக்கிழமை மர்ஸூக் சொந்தக்காரர்களை வேனில் கூட்டி வருவதாகச் சொன்னார். "எல்லாருக்கும் ஒங்களப் பார்க்கணுமாம், மிஸ்ஸி." எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர்கள் வரும் நேரத்தைக் கணக்குப் பண்ணி ஊசியைப் போட்டேன்.

"புள்ள, கண்ணு இருட்டுது" என்றார் உம்மா.

"கொஞ்சம் பொறுங்க உம்மா, இப்ப வந்துருவாங்க" என்றேன்.

குளுக்கோஸ் கையிலேயே இருந்தது. உடனே ஏற்றியிருக்கலாம். ஆனால் பார்க்க யார் இருந்தார்கள்? உம்மாவின் நெற்றியைத் துடைத்துவிட்டுக்கொண்டு ஜன்னலில் நின்றேன். மலைப்பாதையில் மூடுபனி இறங்கி வேன் ஊர்ந்து வந்ததாம். எனக்கு எப்படித் தெரியும்? அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் ஏற்றினேன். அவ்வளவு லாவகமாக ஒரு நரம்பை நான் பிடித்ததேயில்லை. எல்லாரும் பார்த்தார்கள். உம்மாதான் கண் திறக்கவில்லை.

மருந்தைக் கூட்டியது நான். காத்திருந்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொலை என்று மட்டும் எழுதாதீர்கள், சார். கொல்ல நினைத்தவள் குளுக்கோஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாளா? பனி மட்டும் கொஞ்சம் விலகியிருந்தால், இன்றைக்கு நான் அவர் உயிரைக் காப்பாற்றியவள்.