டைல்ஸில் காயும் நெத்திலி

எழுதிப் பழக்கமில்லாதவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் போகும் ஷேர் ஆட்டோவில் என் எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் விற்று முடித்த கருவாட்டுக் கூடையை மடியில் வைத்திருந்தார். மூத்தவர் கடற்கரையில் டீக்கடை நடத்துபவர் என்று பேச்சில் தெரிந்தது.

"பீச்சுல டைல்ஸு போட்டது நல்லதுதான்க்கா. மணல்ல ரெண்டு நாள் காயிற நெத்திலி அதுல ஒரே நாள்ல காஞ்சிடுது," என்றார் கூடைக்காரர்.

டீக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி! அது வாக்கிங் போறவனுக்குப் போட்டது. உன் கருவாட்டுக்கா போட்டான்?"

"எங்க மணல்மேலதான போட்டான்? மிச்ச எடம் பூரா அலைய தடுக்க கல்லு கொட்டிவெச்சிகீறான். நான் எங்க காயவெப்பேன், என் தலைமேலயா?"

"இப்பதான் நாலு பேரு வண்டிய நிறுத்தி டீ குடிக்கிறான். நாத்தம் அடிச்சா போய்க்கினே இருப்பான்டி."

"நாளைலேர்ந்து அங்க மீன் கொட்டக்கூடாதுன்னு வாட்ச்மேன் சொல்லிட்டான். ரெண்டு கூடை நெத்திலி உப்பு போட்டு வூட்ல கீது. நாளைக்குக் காயலைன்னா புழுதான்."

"விடிகாலைல கொட்டி, ஆளு வர்றதுக்குள்ள வாரிடு."

"வெயிலே வராம கொட்டி இன்னா பண்றது?"

டீக்கடைக்காரர் வெளியே திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அந்தக் கடற்கரைப் பக்கம் போனேன். ஆட்டோவில் பார்த்த மூத்தவரின் டீக்கடைத் தகரக் கூரையில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. கடையில் யாரும் டீ குடிக்கவில்லை.