பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய கிரைண்டர்

12 ஆகஸ்ட் 2008, செவ்வாய்.

இன்று மாலை வகுப்பில் ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். கசிவு இல்லாத மின்சாதனத்தை அளந்தால் மெகர் மீட்டர் எவ்வளவு காட்டவேண்டும் என்று சார் கேட்டார். ஒரு மெகாஓமுக்கு மேல் என்பதற்குப் பதிலாகக் கீழே என்று சொல்லிவிட்டேன். உடனே திருத்திக்கொண்டேன். ஆனாலும் பேருந்தில் அனுமந்தன்பட்டி வந்து இறங்கும்வரை அதே நினைப்பு. என் தவறுகள் இவ்வளவுதான். வாய் தவறும். கை தவறாது.

இதை எழுதவேண்டியிருக்கிறது. ஏனென்றால் சங்கிலியம்மாள் செத்ததற்குக் காரணமும் என் தவறு என்று முதலாளி நத்தர்ஷா நினைக்கிறார். போலீஸ் வருமுன்னே கிரைண்டரில் இருந்த பச்சை ஸ்டிக்கரை அவரே நகத்தால் சுரண்டி எடுத்தார்.

"அளக்கையில கண்ணு பெசகியிருக்கும்ப்பா. மனுசன்தான. வெளிய சொல்லிக்கிராத" என்றார்.

எனக்குக் கண் பிசகும் என்று ஒருவர் இரக்கப்படுவதை என்னால் தாங்கமுடியவில்லை.

கம்பத்தில் எங்களுடையது விசேஷ வீடுகளுக்குச் சாமான் வாடகைக்கு விடும் கடை. கிரைண்டர், விசிறி, சீரியல் லைட், சாவு வீட்டுக்கு ஐஸ் பெட்டி. மண்டபத்துக்காரர்கள் சோதித்துப் பார்த்த சாமான்தான் வேண்டும் என்று கேட்கத் தொடங்கியதும் நத்தர்ஷா மீட்டர் வாங்கினார். வகுப்புக்குப் போகிறவன் என்பதால் என்னைச் சேர்த்துக்கொண்டார். சாமானின் உடம்பிலிருந்து பிளக்கின் எர்த் முள்வரை பாதை சரியாக இருக்கிறதா, எங்காவது கரண்ட் கசிகிறதா என்று பார்ப்பேன். சரியென்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும், புத்தி இருந்தால். எர்த் முள் இடிக்கிறது என்று அதை அறுத்துவிட்டு, கரண்ட் அடித்தால் பலகையில் ஏறி நின்று மாவாட்டுகிற ஊரில் அந்தப் புத்தியை எங்கே தேடுவது.

கடையின் வயர்மேன் ஒச்சாண்டி அண்ணன். அவருடைய மீட்டர் அவருடைய புறங்கைதான். எந்த வீட்டில் எந்த சாமானை மாட்டினாலும் முதலில் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். விறுவிறுத்தால் பிளக்கைப் பிடுங்குவார். இதைப் பெரிய வித்தை என்று ஊரே நம்பியது. அவர் மனைவி சங்கிலியம்மாள் கிரைண்டரோடு கூடவே போய் மாவாட்டிக் கொடுப்பவர்.

பிளக்குக்குள் எர்த் கம்பியை, கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரலோடு ஒரு துண்டுக் கம்பி வைத்து இணைப்பது ஒச்சாண்டி அண்ணனின் வழக்கம். பிளக்கை மாட்டும் போர்டில், கரண்ட் வரும் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், அப்படி மாட்டிய சாமானின் உடம்பு முழுவதும் கரண்ட் ஏறிவிடும். ஒருமுறை மரியாதையாகவே சொன்னேன்.

"எர்த்தை நியூட்ரல்ல சேக்காதீகண்ணே. ஆபத்து."

"ஏலே, இந்த ஊர்ல எந்த வீட்ல எர்த்து இருக்கு? இருபது வருசமா இப்படித்தான் மாட்டுறேன். எவன் செத்தான்?" என்றவர், சுமை ஏற்றுகிறவர்கள் பக்கம் திரும்பினார். "டெஸ்டரு மிசினுக்குக் காய்ச்சல் பாக்குறாராம். ஊசியா மாத்தரையானு கேட்டுச் சொல்லுங்கப்பா."

"விடுங்க, படிக்கிற பிள்ள" என்றார் சங்கிலியம்மாள். "மீட்டரைக் கழுத்துல தொங்கவிடு தம்பி. டாக்டருனு நெனச்சுப் பொண்ணு குடுப்பாக."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு கடையில் என் பெயர் ஆரோக்கிய பிரபு இல்லை, டாக்டர்.

சனிக்கிழமை, காமயகவுண்டன்பட்டி இருதயம் வீட்டுப் பிள்ளை சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்துக்குப் போகவேண்டிய கிரைண்டர் மேசைக்கு வந்தது. எனக்கு என்மேல் எப்போதும் சந்தேகம் உண்டு. அதனால் எதையும் இரண்டு தடவை அளப்பேன். அன்றும் இரண்டு தடவை அளந்தேன். கசிவு பார்த்த இரண்டு தடவையும் மீட்டர் முள் பூஜ்யத்தில் நின்றது, சிவப்பு ஒட்டவேண்டிய அளவு. பிளக்கைத் திறந்தேன். அந்தத் துண்டுக் கம்பி இருந்தது. மூடினேன். சிவப்பு ஸ்டிக்கர் இடது பக்கம் இருந்தது, பச்சை வலது பக்கம். பச்சையை எடுத்துச் சுருக்கம் விழாமல் ஒட்டினேன்.

கூடப் போகும் எக்ஸ்டென்ஷன் போர்டையும் அளந்தேன். பேஸும் நியூட்ரலும் இடம் மாறித்தான் இருந்தன. அதற்கும் பச்சை.

நான் நினைத்தது இதுதான். இருதயம் வீட்டில் அத்தனை பேர் முன்னால் ஒச்சாண்டி அண்ணன் புறங்கையை வைப்பார். தூக்கி எறியும். விழுவார். யார் சொன்னது சரி என்று அப்போது தெரியும். சாகவும் கூடும் என்பது வகுப்பில் படித்ததுதான். தெரியாது என்று சொல்லமாட்டேன்.

ஞாயிறு காலை கழுவிவிட்ட சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்று, ஈரக்கையால் கிரைண்டரைப் பிடித்தது சங்கிலியம்மாள். ஒச்சாண்டி அண்ணன் பிளக்கை மட்டும் மாட்டிவிட்டு நகர்ந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் யாரையும் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தார். "நான் கை வைக்கலயே. எப்பவும் வைப்பேன்ல. பச்சை ஒட்டியிருந்துச்சு. அந்தப் பய ரெண்டு தரம் பாப்பானே, அவன் பாத்ததுக்கு மேல நான் என்னத்தப் பாக்கப்போறேன்னு விட்டுட்டேன்." பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, ஒனக்குத் தெரியாமப் போச்சா?"

"தெரியலண்ணே" என்றேன். அது ஒன்றுதான் நான் சொன்ன பொய்.

என்மேல் அவருக்கு மரியாதை இருந்திருக்கிறது. ஒரு நாளாவது அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வைத்திருந்து, வைக்கக்கூடாத நாளில் என் ஸ்டிக்கர்மேல் நம்பிக்கை வைத்தார். அந்தக் கணக்கை நான் எப்படிப் போட்டிருக்க முடியும். துண்டுக் கம்பி வைத்தது அவர் என்பதால் வழக்கு அவர் மேல்தான் போகும் என்கிறார்கள். விசாரித்த வரையில் போலீஸ் சரியாகவே செய்திருக்கிறது. இன்று மதியம் சங்கிலியம்மாளை எடுத்தார்கள். வகுப்பு இருந்ததால் நான் பாதியில் கிளம்பிவிட்டேன்.

என் அளவு சரி. இரண்டு தடவையும் சரி. அதை மட்டும் யாரும் தவறு என்று சொல்லவேண்டாம்.

நாளை: ஒச்சாண்டி அண்ணன் வீட்டுக்குக் கொடுத்த ஐஸ் பெட்டி காலையில் திரும்பி வரும். மதியம் சின்னமனூரில் வேறொரு வீட்டுக்குப் போகிறது. அதற்குள் ஈரம் துடைத்து, எர்த் பார்த்து, கசிவு பார்த்து, ஸ்டிக்கர் ஒட்டவேண்டும்.