ஒரே நாள், ரெண்டு ஹால்

இல்லம்மா, டீ எல்லாம் வேணாம். டீயைக் குடிச்சுட்டா அப்புறம் வேணாம்னு சொல்ல வாய் வராது. நான் வேணாம்னு சொல்லத்தான் வந்திருக்கேன். முதல்லயே சொல்லிடுறேன், உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. ஆபீஸை நல்லா வெச்சிருக்கீங்க. அந்த மூலையில நாற்காலிக்கெல்லாம் கலர் கலரா உறை போட்டு அடுக்கியிருக்கீங்களே, அது என்ன, மாதிரி காட்டுறதுக்கா? வர்றவன் அதைப் பாக்கவா போறான்? வந்தவுடனே அது மேல உக்காந்துடுவான்.

சிரிக்காதீங்கம்மா. நானே கடுப்புல இருக்கேன்.

போன வாரம் ஒரு பொண்ணு வந்து உங்ககிட்ட பேசிட்டுப் போனா பாருங்க, தோள்ல பெரிய பை, பேசும்போது ரெண்டு கையையும் ஆட்டி ஆட்டிப் பேசுவா. அவளோட அப்பா நான். இன்னும் அஞ்சு வாரத்துல அவளுக்குக் கல்யாணம். அதை எடுத்து நடத்த வெளியாள் வைக்கணுமாம். கல்யாணப் பிளானர். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அப்பா அம்மா ரெண்டு பேரும் இங்க வந்து ஃபாரத்துல கையெழுத்துப் போட்டாகணும்னுட்டா. இல்லன்னா ஹாலும் வேணாம் ஒண்ணும் வேணாம், ரெண்டு ஃபிரெண்ட்ஸை சாட்சிக்குக் கூட்டிட்டுப் போய் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முடிச்சுக்கிறேன், நீங்க ரெண்டு பேரும் வரவே வேணாம், வீட்லயே இருங்கன்னு சொல்லிட்டா. சொன்னா செஞ்சுடுவா. அந்தப் பிடிவாதம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்காதீங்க, ரெண்டு பக்கத்துலேர்ந்தும் தாராளமா கெடச்சிருக்கு.

எங்களுக்கு இருக்குறது ஒரே பொண்ணும்மா. அவ கல்யாணத்தைப் பாக்காம நான் வேற என்னத்தைப் பாக்கப் போறேன், நீங்களே சொல்லுங்க.

நான் என்ன வேலை பாக்குறேன்னு சொன்னாளா? சொல்லலையா? சொல்ல மாட்டா. பஸ் டிப்போவுல டூட்டி போடுறவன் நான். இருபத்தெட்டு வருஷமா அதான் வேலை. முந்நூத்திப் பத்து டிரைவர். ஒருத்தனுக்குக் காய்ச்சல், ஒருத்தன் பொண்டாட்டிக்குப் பிரசவம், ஒருத்தன் மழை வந்தாலே வர மாட்டான், இன்னொருத்தன் இந்த ரூட்டுல போனா கடன் குடுத்தவன் ஏறிடுவான், வேற ரூட்டு குடுங்க சார்ம்பான். அத்தனை பேரையும் சமாளிச்சு, மொத வண்டி நாலே முக்காலுக்குக் கெளம்பும். கெளம்பாம இருந்ததே கெடையாது. அப்பேர்ப்பட்டவன் வீட்டுக் கல்யாணத்துல, யார் எங்க நிக்கணும்னு சொல்லித்தர வெளியாளாம். டிப்போவுல தெரிஞ்சா மானம் போயிடும்.

அந்தப் பூ ஜாடியைக் கொஞ்சம் நகர்த்துங்க. இந்தச் சார்ட்டை விரிச்சுக் காட்டிடுறேன். அந்த ஓரத்தைப் பிடிங்கம்மா, விட்டா சுருண்டுக்கும்.

பாருங்க. குறுக்க நேரம், கால் மணிக்குக் கால் மணி. நெடுக்க ஆளுங்க. பச்சைன்னா வாசல். நீலம்னா சாப்பாட்டு இடம். ஆரஞ்சுன்னா வண்டி, ஆளுங்களை ஏத்திட்டு வர்றது. புள்ளி வெச்சதெல்லாம் ஸ்பேர். அதாவது எவனாவது வரலைன்னா ஏத்தி விடுறதுக்குன்னு டிப்போவுல ரெண்டு பேரை சும்மா உக்கார வெச்சிருப்போம், அந்த மாதிரி. மாப்பிள்ளையோட அப்பாவை மொதல்ல ஸ்பேர்லதான் போட்டிருந்தேன். நல்ல எண்ணத்துலதாம்மா. அவருக்கு முட்டி வலி, பாவம் உக்காந்திருக்கட்டுமேன்னு. மனுஷன் இதைப் பாத்துட்டு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டாரு. சம்பந்தியை எவனாவது ஸ்பேர்ல போடுவானாடான்னு எங்க அக்கா என்னைப் புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டா. இப்ப மாத்திட்டேன். வாசல்ல இருக்காரு. நாற்காலியோட.

நாலு நாள் உக்காந்து போட்டது. இதுல உங்களுக்கு என்னம்மா வேலை மிச்சம் இருக்கு?

என்னது? எந்த ஹால்னா கேட்டீங்க?

ஓ. அதையும் சொல்லிட்டாளா.

அது ஒரு சின்னக் குழப்பம்மா. எந்த வீட்லயும் நடக்கறதுதான். பொண்ணு ஆபீஸ் வேலையா ரெண்டு வாரம் வெளியூர் போயிருந்தா. தேதி ஏற்கெனவே முடிவாயிடுச்சு. ஹால் கெடைக்கணுமே, அதுக்காக அவளுக்குக் காத்துக்கிட்டு இருக்க முடியுமா? நான் ஒண்ணு பாத்து முன்பணம் கட்டிட்டேன். டிப்போ பக்கத்துலேயே, அருமையான ஹால். பதினோரு ரூட்டு பஸ் வாசல்லயே நிக்குது. சும்மா சொல்லலை, ரெண்டு நாள் கையில வாட்சோட நின்னு பாத்திருக்கேன். அதே ரெண்டு வாரத்துல பொண்ணோட அம்மாவும் ஒரு ஹால் பாத்து முன்பணம் கட்டிட்டா. அதே தேதி, அதே நேரம். அவ கண் ஆஸ்பத்திரியில டோக்கன் குடுக்குற கவுன்டர்ல இருக்கா, அங்கேர்ந்து நாலு கட்டடம் தள்ளி. மூணாவது மாடிம்மா! ஒரே ஒரு லிஃப்ட். அதுல நாலு பேர்தான் ஏறலாம். இருநூறு பேர் வந்தா அம்பது தடவை ஏறி எறங்கணும், தடவைக்கு ரெண்டு நிமிஷம்னாலும் நூறு நிமிஷம். கடைசி ஆள் மேல வர்றதுக்குள்ள மொத ஆள் சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கிடுவான்.

அதோட போச்சா? நான் டிப்போவுல கல்யாணக் கார்டு அடிச்சுக் குடுத்துட்டேன். அவளும் ஆஸ்பத்திரியில கார்டு அடிச்சுக் குடுத்துட்டா. எங்க கீழ் வீட்டுக்காரரு, ரிட்டையர்டு வாத்தியாரு, திங்கக்கெழமை என் கையால ஒரு கார்டு வாங்குனாரு, புதன்கெழமை அவ கையால ஒண்ணு. வியாழக்கெழமை காலையில ரெண்டையும் எடுத்துட்டு மாடி ஏறி வந்து நிக்கிறாரு. ஏன் சார், பொண்ணுக்கு ஒரே நாள்ல ரெண்டு கல்யாணமா, நான் எதுக்கு வர்றதுங்கறாரு. எனக்கு அப்பதான் விஷயமே தெரியும்.

சொல்லலையாவா? யாருகிட்ட, அவகிட்டயா? நேரம் ஒத்து வரலைம்மா. நான் வேலைக்குப் போறப்ப அவ வருவா, அவ போறப்ப நான் தூங்கிட்டு இருப்பேன். ஷிப்ட் வேலை அப்படித்தான்.

எதைக் கேன்சல் பண்ணோம்னா... எதையும் பண்ணல. நான் பொண்ணுகிட்ட சொன்னேன், உங்கம்மாவை அந்த மூணாவது மாடியைக் கேன்சல் பண்ணச் சொல்லுன்னு. அவளும் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கா, உங்கப்பாவை அந்த பஸ் ஸ்டாண்டைக் கேன்சல் பண்ணச் சொல்லுன்னு. நான் வீட்டுக் கூடத்துல உக்காந்திருக்கேன், அவ சமையக்கட்டுல நிக்கிறா. நடுவுல வாசப்படியில பொண்ணு. அவளையும் பாத்தா, என்னையும் பாத்தா. பையை மாட்டிக்கிட்டு நேரா உங்ககிட்ட வந்துட்டா.

ஒரு சாதாரண விஷயம், உக்காந்து பேசுனா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். அதுக்குப் போய் வெளியாளைக் கூப்பிடுறதாம்மா? எரிச்சல் வருமா வராதா? எனக்கு யாரு மேல எரிச்சல்னு கேட்டீங்கன்னா அதுவும் சரியா சொல்லத் தெரியல.

எங்க? இந்த வரிசையா? விரலை எடுங்கம்மா, அது பென்சில், அழிஞ்சிடும்.

ம். நல்லா கவனிக்கிறீங்க. ஆமா, இது நான். அது அவ. நான் பச்சையில இருக்குறப்ப அவ நீலத்துல இருக்கா. அவ வாசலுக்கு வர்றப்ப நான் வண்டிக்குப் போயிடுறேன். அது தற்செயலா அப்படி அமைஞ்சு போச்சு.

இல்லம்மா. தற்செயல் இல்ல.

நாங்க பேசிக்கிறதில்ல. பதினோரு வருஷம் ஆச்சு.

ஒரே வீடுதான். வேற எங்க போறது? அவளுக்குக் காலை டூட்டி. எனக்கு மத்தியானம். என் டூட்டியையும் நான்தானே போடுறேன். அவ டூட்டி மாறுனா என்னதையும் மாத்திக்குவேன். பெரிய சண்டை சத்தம்னு எதுவும் கெடையாது, அக்கம்பக்கத்துல யாருக்கும் தெரியாது. வாத்தியாருக்கே அந்த ரெண்டு கார்டைப் பாத்துத்தான் சந்தேகமே வந்திருக்கும்.

காரணமா? சொன்னா என் மேலதான் தப்புன்னு சொல்வீங்க. சரி, சொல்றேன், தப்பு என் மேலதான். அவ அப்பாவை ஆஸ்பத்திரியில சேத்திருந்தாங்க, அவங்க ஊர்ல. டிப்போவுக்குப் போன் பண்ணா. ரெண்டே ரெண்டு நாள் வந்துட்டுப் போங்க, எனக்குத் தனியா பயமா இருக்குன்னா. எனக்கு மாத்து ஆள் இல்ல, வர முடியாதுன்னுட்டேன். அந்த வாரம் மூணு டிரைவருக்கு லீவு குடுத்திருக்கேன்மா. அதுல ஒருத்தன் மச்சினன் கடை தொறக்குறான்னு போனவன். ஊருக்கெல்லாம் ஆள் தேடுனேன், எனக்குத் தேடல. நான் இல்லைன்னா டிப்போ நின்னு போயிடும்னு ஒரு நெனப்பு. ரெண்டாம் நாள் அவர் போயிட்டாரு. நான் மூணாம் நாள் போய் நின்னேன். வாசல்லயே வெச்சு அவ சொன்னா, இனிமே உங்ககிட்ட எதுவும் கேக்க மாட்டேன்னு. சொந்தக்காரங்க எல்லாம் நிக்கிறாங்க, எனக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. சரி, கேக்காதன்னுட்டேன்.

அன்னையிலேர்ந்து அவ கேக்கவே இல்லம்மா. உப்பு வேணுமான்னுகூடக் கேட்டதில்ல. ஆஸ்பத்திரிக்கு வர்றவங்ககிட்டல்லாம் என்னமா சிரிச்சுப் பேசுறா தெரியுமா? ஒரு தடவை எதிர்ல மருந்துக்கடையில நின்னு பாத்திருக்கேன். அரை மணி நேரம் நின்னேன். உள்ள போகல.

பொண்ணுக்கு அப்ப பதினஞ்சு வயசு. அப்பா, கேஸ் தீந்துடுச்சாம். அம்மா, அப்பா நாளைக்கு வர லேட்டாகுமாம். அப்பா, தண்ணி மோட்டார் ரிப்பேராம். அம்மா, அப்பாவுக்கு இருமலாம். பரிட்சைக்குப் படிச்சுக்கிட்டே நடுவுல எழுந்து வந்து சொல்லிட்டுப் போகும் கொழந்த. போன வாரம் என்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? பதினோரு வருஷமா ஒரே டூட்டிப்பா, ஒரு நாள்கூட நீங்க எனக்கு ஆஃப் குடுக்கல. என் கல்யாணத்தன்னைக்காவது நான் கல்யாணப் பொண்ணா மட்டும் உக்காந்துக்கிறேன், எனக்கு ஒரு மாத்து ஆள் போடுங்கன்னா. முந்நூத்திப் பத்து பேரு என்கிட்ட லீவு கேட்டிருக்கான்மா. எவனும் இப்படிக் கேட்டதில்ல.

அந்த ஹால் விஷயத்துலயும் பாருங்க. நான் போன்ல அவகிட்ட ஹால் ஆச்சும்மான்னு சொன்னேன். அடுத்த நாள் அவ அம்மாவும் போன்ல ஹால் ஆச்சுடின்னு சொல்லியிருக்கா. எந்த ஹால்னு பொண்ணு கேக்கல. ஏன் கேக்கலைன்னு நான் அவளைத் திட்டினேன். நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா இந்தக் கூத்தே வந்திருக்காதேன்னு கத்தினேன். அப்பதான் சொன்னா. ரெண்டு பேரும் ஒரே ஹாலைச் சொல்றீங்கன்னு நெனச்சேன்ப்பா, நான் இல்லாதப்ப நீங்க ரெண்டு பேரும் பேசிட்டீங்கன்னு நெனச்சேன்னா. வெளியூர்ல தங்கியிருந்த ஹாஸ்டல்ல, அவ ரூம்ல இருந்த பொண்ணுங்களுக்கெல்லாம் அன்னைக்கு கேக் வாங்கிக் குடுத்திருக்கா. என்ன விசேஷம்னு கேட்டதுக்கு, சும்மா, வீட்லேர்ந்து நல்ல சேதின்னாளாம்.

தண்ணி இருந்தா ஒரு கிளாஸ் குடுங்கம்மா.

போதும். மணி என்ன? மூணு நாப்பதா? அவ அம்மாவுக்கு மூணரைக்கு டூட்டி முடியும். பொண்ணு போய்க் கூட்டிட்டு நாலு மணிக்கு இங்க வந்துடுவா. நான் அதுக்குள்ள கெளம்பணும். ஃபாரத்தை எடுங்க, போட்டுடுறேன். இல்ல, வேணாம்னு சொல்லத்தான் வந்தேன். இப்ப வேணும்னு சொல்றேன். எழுதிக்கோங்க, ஹால் அவ பாத்ததே இருக்கட்டும். மூணாவது மாடி, பரவாயில்ல, நான் கீழ நின்னு லிஃப்டைப் பாத்துக்கிறேன். என் முன்பணம் போனா போகுது. இதை நான் சொன்னேன்னு சொல்ல வேணாம். இல்ல, சொல்லுங்க. நான் சொன்னேன்னே சொல்லுங்க.

கையெழுத்து இங்கயா? சரி. இன்னொண்ணு கேக்கணும்மா. இந்தக் கடைசிக் கட்டத்துல, சேவை முடியும் தேதின்னு இருக்கு பாருங்க, அதுல கல்யாணத்துக்கு மறுநாளைப் போட்டிருக்கீங்க. அதைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா? ஒரு ஆறு மாசம்? இல்லம்மா, அதுக்கப்புறம் விருந்து எல்லாம் ஒண்ணும் இல்ல. மாப்பிள்ளைக்கு வேலை வெளியூர்ல. பொண்ணு மறுநாளே அவரோட கெளம்பிடுவா. அப்புறம் வீட்ல நாங்க ரெண்டு பேர் மட்டும்தான் இருப்போம்.