பத்து நிமிடக் காற்று

பாத்திரம் கழுவுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. வீட்டில் அந்த வேலை என்னுடையதுதான். அடிப்பிடித்த சட்டியைக்கூடக் கீறல் விழாமல் பளபளப்பாக்கிவிடுவேன். அதனால்தானோ என்னவோ, குடிநீர் நிலையத்தில் வடிகட்டிகளைக் கழுவும் பொறுப்பும் பத்தொன்பது வருடமாக என்னிடமே இருந்தது. என்னைக் கைராசிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

விசாரணைக்கு வந்த நீங்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல அந்த வடிகட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஐயா. ஆளுயரக் குழாய்க்குள் நூல் நூலாக ஆயிரக்கணக்கான வெள்ளை இழைகள் இருக்கும். இழையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். தண்ணீர் புகும், கிருமி புகாது. நாளாக நாளாக ஆற்றுச் சேறும் வழவழப்பும் துளைகளை அடைத்துக்கொள்ளும். அழுத்தம் ஏறும், தண்ணீர் குறையும். ப்ளீச்சில் ஊறவைத்துக் கழுவினால் சரியாகிவிடும். என்ன, ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் சரியாகும்.

இந்த வருடம் வெள்ளம் வடிந்தபின் என் கைராசி எடுபடவில்லை. மூன்று தடவை கழுவியும் அழுத்தமானியின் முள் இறங்க மறுத்தது. ஊருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் போனது. கடைத்தெருவில், "என்ன கைராசி, குழாயில வெறும் காத்துதான் வருது?" என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் எனக்கு உறைத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

புதிதாக வந்த என்ஜினீயர் அம்மாவுக்கு என் மகள் வயதுதான். ஓர் இழையை வெட்டி, அதைப் பெரிதாக்கி எடுத்த படத்தை என்னிடம் காட்டினார்.

"அண்ணே, இதுக்கு மேல ப்ளீச்ச ஏத்தாதீங்க. அழுக்கோட சேர்ந்து இழையும் அரிச்சுப் போயிருக்கு. இப்ப அந்த அழுக்குதான் ஓட்டையை மூடிக்கிட்டு நிக்குது. புதுசு மூணு வாரத்துல வந்துரும். அதுவரைக்கும் மெதுவா ஓட்டுவோம்."

அழுக்கு காவல் காக்கிறதாம். பத்தொன்பது வருடம் கழுவியவனிடம் வந்து சொல்கிறார். தலையாட்டி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. வழக்கமான அளவைப்போல் நான்கு மடங்கு ப்ளீச் கலந்து, காலையிலிருந்து சாயங்காலம்வரை ஊறவிட்டேன். திறந்துவிட்டதும் முள் சரசரவென்று இறங்கி, வடிகட்டி புதிதாக வந்தபோது இருந்த இடத்தில் போய் நின்றது. தண்ணீர் பீறிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கழுவியபின் காற்றுச் சோதனை செய்ய வேண்டும். இழைகளுக்குள் காற்றை அடைத்து வைப்போம். பத்து நிமிடம் அழுத்தம் குறையாமல் நின்றால் இழைகள் முழுசாக இருக்கின்றன என்று அர்த்தம். அன்று ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. வடிகட்டியின் தலையில் உள்ளே பார்ப்பதற்காக வைத்த கண்ணாடிக் குழாயில் குமிழிகள் கொதிப்பதுபோல வந்தன. மானி பழுது என்று நினைத்தேன். மறுபடி செய்தேன், அப்போதும் மானி பழுதுதான். மூன்றாம் முறை செய்யவில்லை. போன மாதத் தாளைப் பார்த்து அதே எண்களை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் அவர் கேட்டார். "அண்ணே, ஏர் டெஸ்ட் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. கல்லு மாதிரி நிக்குது."

நம்பிவிட்டார். என் கையெழுத்தை அங்கே யாரும் சந்தேகப்பட்டதில்லை.

அடுத்த வாரம் ஊரில் வயிற்றுப்போக்கு தொடங்கியது. குளோரினுக்கு அசையாத கிருமி, வடிகட்டி ஒன்றுதான் அதைத் தடுக்கும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. புது வடிகட்டி வர இன்னும் கொஞ்ச நாள்தானே பாக்கி. ஆறு பேர் இறந்தார்கள். ஆறாவது என் தம்பி மகள், மூன்று வயது. ஆஸ்பத்திரிக்கு அவளை என் மடியில் வைத்துத்தான் கொண்டுபோனோம். தம்பி என்னைக் கட்டிக்கொண்டு அழுதான்.

தெரிந்தே செய்தேனா என்றுதானே கேட்கிறீர்கள். இல்லை, ஐயா. அந்த ஞாயிறு சாயங்காலம் மனைவிக்குப் போன் செய்தது உண்மைதான். "இனிமே தண்ணிய நல்லா கொதிக்க வச்சுக் குடி" என்றேன். அவளுக்குச் சளி பிடித்திருந்தது, அதற்காகச் சொன்னேன். "மாடியில தம்பி வீட்டுக்கும் சொல்லிடவா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவர்கள் வீட்டில் யாருக்கும் சளி இல்லையே.