இருபத்தாறு அங்குலம்

ஈர மரத்தில் வில் செய்யக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு அதுதான். வெட்டிய மரத்தை நான் ஓராண்டு நிழலில் போட்டு வைப்பேன். ஆத்திரத்தில் செய்துவிட்டேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டிருப்பதால் இதைச் சொல்கிறேன். எனக்கு ஆத்திரமும் இல்லை, அவசரமும் இல்லை.

கதவு, ஜன்னல் செய்வது என் தொழில். வில் பொழுதுபோக்கு. ஒன்றுக்கு ஆறு ஞாயிற்றுக்கிழமை பிடிக்கும். உருவம் கொண்டுவருவது பெரிய வேலை இல்லை. வளைவைச் சீராக்குவதுதான் வேலை. வில்லைச் சுவரில் மாட்டி, நாணைக் கயிறு கட்டிக் கீழே இழுத்து, தள்ளி நின்று பார்க்க வேண்டும். முரண்டு பிடிக்கிற இடத்தில் லேசாகச் சுரண்ட வேண்டும். மறுபடி இழுக்க வேண்டும். ஓர் இடத்தில் கூடுதலாகச் சுரண்டிவிட்டால் பாரம் மொத்தமும் அங்கேயே விழும். என்றைக்கு முறிந்தாலும் அங்கேதான் முறியும்.

என் தம்பி எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறான். கலகலப்பானவன். வில்லைக் கையில் எடுத்தால் காதைத் தாண்டி இழுப்பான். வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். மூன்று வில்லை முறித்தான்.

"விடுண்ணா, வேற ஒண்ணு செஞ்சுக்கலாம்" என்பான்.

மூன்றாவது முறை என் மனைவியும் அவனோடு சேர்ந்து சிரித்தாள். "மரக்குச்சிதானே, அதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு!"

நான் அப்படி வைத்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த வாரம் ஒரே கட்டையை இரண்டாகப் பிளந்து, பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமையில் அச்சு அசலாக இரண்டு வில் செய்தேன். இரண்டிலும் மேல்பக்கம், பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, நாலு விரல் அகலத்துக்கு மட்டும் மெலிதாகச் சுரண்டினேன். முதலாவதைச் சுவரில் மாட்டி முறிகிற வரைக்கும் இழுத்துப் பார்த்தேன். இருபத்தாறு அங்குலத்தில் முறிந்தது. தெறித்த துண்டு கூரைத் தகட்டைக் கிழித்தது. தம்பி முப்பது அங்குலம் இழுப்பவன். இரண்டாவதில் மெலிந்த இடத்தைத் தோல் சுற்றி மறைத்துவிட்டு, அவனைக் கூப்பிட்டேன்.

"அட, எனக்குன்னே பண்ணுனியா?" என்று தடவிப் பார்த்தான். அவன் முகத்தில் உண்மையான சந்தோஷம் தெரிந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பட்டறைக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்துக்குப் போனோம். மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, முத அம்பு நீங்கதான் விடணும்."

"எனக்கெங்க வரும் தம்பி?"

வாங்கிக்கொண்டாள். அவள் கை குட்டை. இருபத்திரண்டு, மிஞ்சிப் போனால் இருபத்துமூன்றுக்கு மேல் இழுக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டேன். அதனால்தான் பேசாமல் இருந்தேன். வேண்டாம் என்றால் அவன் ஏன் என்று கேட்பான்.

"என்னங்க, இப்படித்தான பிடிக்கணும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆமா. கட்டை விரல மட்டும் கீழ இறக்கு" என்றேன்.

இருபத்துமூன்றில் நின்றுவிட்டாள். என் கணக்கு சரியாகத்தான் இருந்தது. தம்பி பின்னால் போய் அவள் முழங்கையைப் பிடித்தான். "இன்னும் கொஞ்சம் அண்ணி, இன்னும் கொஞ்சம்." இரண்டு முறை சொன்னான். அந்த நேரத்துக்குள் நானும் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

வில் முறிந்து தெறித்த துண்டு அவள் நெற்றிப்பொட்டில் அடித்தது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் போய்விட்டாள்.

தன்னால்தான் என்று தம்பி சுவரில் தலையை முட்டிக்கொண்டான். நான் மறுத்துப் பேசவில்லை. நீங்கள் தோலைப் பிரித்து அளந்து பார்த்திராவிட்டால் இப்போதும் பேசியிருக்க மாட்டேன்.

சரி, சொல்லிவிடுகிறேன். தம்பியைக் கொல்லத்தான் அந்த வில்லைச் செய்தேன். அவள் இழுத்தபோது தெரிந்தேதான் நின்றேன். ஆனால் அவளை நான் ஒன்றும் செய்யவில்லை. இருபது வருஷத்தில் ஒரு நாள்கூட அவளை நான் கை நீட்டி அடித்ததில்லை; இங்கே வந்து சாட்சி சொல்ல முடிந்தால் முதல் ஆளாக அவளே உங்களிடம் சொல்வாள்.