மஞ்சள் பூ போட்டால் கூப்பிட வேண்டும்

காலை வணக்கம் சொல்லும் பூப்படங்களைப் பொதுவாக யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை, மேடம். அம்மாவின் போனில் அப்படி ஏகப்பட்ட குழுக்கள் கிடக்கின்றன. பெரியப்பா அனுப்புவார், மாடிவீட்டு அக்கா அனுப்புவார், அம்மா ஒன்றையும் படிக்காமல் எல்லாவற்றுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார். அதைப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. வீட்டில் யாரும் கிளறிப் பார்க்கக் கூடாத ஒரு குழுவுக்கு ‘இனிய காலை வணக்கம்’ என்பதைவிடப் பாதுகாப்பான பெயர் கிடையாது.

என் போனை வாங்கிப் பார்த்த உங்கள் கான்ஸ்டபிளே ஏமாந்துபோனார். “ஒண்ணுமில்ல மேடம், வெறும் ரோஜாப்பூ” என்றார். எனக்கு அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள். நிறுத்தினால் எனக்குப் பயம் வந்துவிடும்.

நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஃபிரேமுக்குத் தகுந்த மாதிரி லென்ஸைத் தேய்த்து உட்காரவைப்பது என் வேலை. ஒரு மயிரிழை அதிகமாகத் தேய்த்தாலும் லென்ஸ் கழன்று விழும், குறைத்துத் தேய்த்தால் உள்ளே போகாது, அழுத்தினால் உடையும். பொறுமை வேண்டும். எனக்குப் பொறுமை உண்டு என்று முதலாளியே சொல்வார்.

இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. சாக முயன்று பிழைத்தவர்கள் பெயர் போடாமல் அங்கே ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வார்கள். என் வயதுப் பையன்கள் மேட்ச் பார்க்கிற மாதிரி நான் அதைப் படித்துக்கொண்டிருந்தேன். காரணம் என் அண்ணன். அவன் இறந்த அன்று நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். ஒருமுறை என்னைக் கூப்பிட்டான். காதில் ஹெட்போன் இருந்தது, “இருடா, வர்றேன்” என்றேன். அவ்வளவுதான். அதற்கப்புறம் யார் எங்கே கூப்பிட்டாலும் முதல் ஆளாக ஓடிப்போய் நிற்பேன்.

அந்தப் பக்கத்தில் எழுதியவர்களில் சிலரைச் சேர்த்துத்தான் குழுவை ஆரம்பித்தேன். லாரி ஓட்டும் ஒரு அண்ணன், வீட்டில் டியூஷன் எடுக்கும் வாத்தியார், ஒரு நர்ஸக்கா, அப்புறம் தையல். துணிக்கடையின் பின்கட்டில் ஆல்ட்டரேஷன் மெஷினில் உட்காரும் பெண் அவள். அவளைத் தையல் என்றே கூப்பிட்டோம். என்னை அவர்கள் அட்மின் தம்பி என்பார்கள்.

எப்படிச் செய்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது, யாரும் கேட்கவும் கூடாது. அது என் விதி. மற்றதெல்லாம் பேசலாம். நடந்ததை எல்லோரும் ‘அன்னிக்கு’ என்றுதான் சொல்வார்கள். “அன்னிக்கு ஆஸ்பத்திரியில கண்ண முழிச்சதும் எனக்குப் பசிச்சுச்சு தம்பி. சாகப் போனவனுக்குப் பசி என்ன வேண்டிக்கெடக்குன்னு வெக்கமாப் போச்சு” என்றார் லாரி அண்ணன். தையல் எழுதியது இன்னும் நினைவிருக்கிறது. “அன்னிலேர்ந்து எங்கம்மா பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழட்டிட்டாங்க. உள்ள இருக்கற வரைக்கும் நான் பாடிக்கிட்டே இருக்கணும். பாட்டு நின்னா கதவத் தட்டுவாங்க. எனக்குத் தெரிஞ்சதே ரெண்டு பாட்டு.” அதற்கு லாரி அண்ணன், “மூணாவது நான் கத்துத் தர்றேன். ஆனா என் ராகத்துல பாடினா அம்மா கதவ ஒடைச்சுக்கிட்டு உள்ள வந்துருவாங்க” என்றார். படித்துவிட்டுக் கடையில் நான் தனியாகச் சிரித்தேன்.

நானும் என்னுடைய ‘அன்னிக்கு’ சொன்னேன். எனக்கு அப்படி ஒரு நாள் வந்ததே இல்லை மேடம். அண்ணனுடையதை எடுத்து என்னுடையதாகச் சொன்னேன். நான் சொன்னதில் அவன் பிழைத்துக்கொண்டான். அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

பூ விஷயம் இதுதான். தினமும் காலையில் ஒவ்வொருவரும் ஒரு பூப்படம் போட வேண்டும். சிவப்பு என்றால் இன்றைக்குச் சமாளித்துவிடுவேன் என்று அர்த்தம். மஞ்சள் என்றால், எப்போது போட்டாலும், என்னைத் தனியாக விடாதீர்கள், உடனே கூப்பிடுங்கள் என்று அர்த்தம். பார்த்தவர்கள் எல்லோரும் கூப்பிட வேண்டும். போன் எடுக்கவில்லை என்றால் ஆள் நேரில் போக வேண்டும். எல்லோர் முகவரியும் என்னிடம் மட்டும் இருந்தது. ஓர் இடத்தில் இருப்பதுதான் நல்லது என்று எல்லோரையும் ஒத்துக்கொள்ள வைத்திருந்தேன்.

ஒருநாள் வாத்தியார் ஒரு சூரியகாந்தியைப் போட்டுவிட்டார். வகுப்பு நடுவில் அவருக்குப் போன் மேல் போன். எடுக்கவில்லை. நான் முகவரி கொடுக்க, லாரி அண்ணன் லோடு வண்டியோடு வாசலில் போய் நின்று, “வாத்தியாரே, உசுரோட இருக்கீங்களா?” என்று கத்தியிருக்கிறார். பிள்ளைகள் எல்லாம் ஜன்னலுக்கு ஓடி வந்துவிட்டன. “யோவ், பூ அழகா இருந்துச்சேன்னு போட்டேன்யா!” என்று வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டாராம். குழுவில் ஒரு வாரத்துக்கு அதே பேச்சு.

அதற்குப் பிறகு நான் ஒரு விதி சேர்த்தேன். யாராவது தப்பாக மஞ்சள் போட்டுவிட்டால் என்னிடம் சொல்ல வேண்டும், நான் அதை நீக்கிவிடுவேன். ‘அட்மின் நீக்கினார்’ என்று ஒரு வரி விழும். அந்த வரியைப் பார்த்தால் யாரும் பதற வேண்டாம், ஆள் நலம். எல்லோருக்கும் அது நிம்மதியாக இருந்தது. யோசித்துப் பாருங்கள், நியாயமான விதிதானே.

நர்ஸக்கா ஒரு மதியம் மஞ்சள் போட்டார். நான்தான் முதலில் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் எல்லோரும் கூப்பிடுவார்கள், லாரி அண்ணன் ஜோக் அடித்துச் சிரிக்க வைத்துவிடுவார், நான் கூட்டத்தில் ஒருவனாகிவிடுவேன். அதனால் பூவை நீக்கினேன். மஞ்சள் போடுகிறவர்கள் அதற்கப்புறம் குழுவைத் திறந்து பார்ப்பதில்லை, போன் அடிக்குமா என்றுதான் காத்திருப்பார்கள். உடனே கூப்பிட்டேன். சாப்பாட்டு நேரம் முழுவதும் பேசினேன். கடைசியில் அவர் அழுதுகொண்டே, “நீ மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ தம்பி. வேற ஒருத்தரும் எட்டிக்கூடப் பாக்கல பாத்தியா” என்றார். அன்று மாலை நான் தேய்த்த லென்ஸ் ஒவ்வொன்றும் கச்சிதமாக உட்கார்ந்தது.

அப்புறமும் அப்படிச் செய்தேன். வாத்தியாருக்கும் ஒருமுறை செய்தேன். ஒருமுறைகூட நான் கூப்பிடத் தாமதித்ததில்லை. அப்போதெல்லாம் தாமதித்ததில்லை.

நர்ஸக்கா குணமாகிவிட்டார். மருந்து சாப்பிட்டார், வேறு வார்டுக்கு மாறினார், ஒருநாள் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுக் குழுவிலிருந்து போய்விட்டார். எல்லோரும் வாழ்த்தினார்கள், நானும் வாழ்த்தினேன். அன்று கடையில் ஒரு லென்ஸை உடைத்துவிட்டேன். அவருக்கு இனி ஏதாவது ஆனால் எனக்கு எப்படித் தெரியும்? இந்தப் பயத்தை நீங்கள் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

பிறகு தையல். மற்றவர்கள் போல அவள் இணையத்தில் பூப்படம் தேட மாட்டாள். மெஷினுக்கு வரும் துணியில் அச்சடித்த பூவைப் போட்டோ பிடித்துப் போடுவாள். ஓரத்தில் ஊசியோ நூல்கண்டோ தெரியும். மாதக்கணக்காகச் சிவப்பு, சிவப்பு, சிவப்பு. ஒருநாள் எனக்குத் தனியாகக் குரல் செய்தி அனுப்பினாள். “அட்மின், எங்கக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். திட்டுவான்னு நெனச்சேன், கட்டிப் புடிச்சுக்கிட்டா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறா. இனிமே குரூப்பு வேணாம்னு தோணுது. கோச்சுக்காதீங்க, சரியா?” குரலில் சிரிப்பு இருந்தது.

நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவளிடம் பக்குவமாகத்தான் பேசினேன். “நீங்க போறது உங்க இஷ்டம். ஆனா வாத்தியார் இப்ப சரியில்ல, செவப்புப் பூ போடறதெல்லாம் சும்மா. நீங்க போகப்போறீங்கன்னு தெரிஞ்சா இன்னும் மோசமாயிருவாரு. அவர்கிட்ட நேரா கேட்டுராதீங்க, ஒடைஞ்சு போயிருவாரு. கொஞ்ச நாள் இருங்க” என்றேன்.

வாத்தியாருக்கு ஒன்றுமில்லை. பின்னக் கணக்கு வராத ஒரு பையனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

தையல் இருந்தாள். தினமும் என்னிடம், “வாத்தியார் எப்டி இருக்காரு?” என்று கேட்பாள். “நேத்துக்கு இன்னிக்குக் கொஞ்சம் மோசம்” என்பேன். அவளுக்குத் தூக்கம் போனது. தன்னால் ஓர் உயிர் போய்விடுமோ என்ற பயத்தை அக்காவிடம் சொல்லவும் முடியாது, குழுவின் ரகசியம் அல்லவா. டாக்டரிடம் போக வேண்டிய நாளில், “அங்க போனா நம்ம குரூப்பப் பத்தியெல்லாம் தோண்டித் தோண்டிக் கேப்பாங்க. போலீசு அது இதுன்னு ஆயிரும். பாத்துக்குங்க” என்று மட்டும் சொன்னேன். போகாதே என்று நான் சொல்லவே இல்லை. அவள் போகவில்லை. மறுபடியும் என்னோடு அதிகமாகப் பேச ஆரம்பித்தாள். எனக்குப் பயம் கொஞ்சம் தணிந்தது.

இனி அந்த மதியம்.

அக்கா வெளியூரில், அம்மா வேலைக்குப் போயிருந்தார், அவள் உடம்பு சரியில்லை என்று வீட்டில் இருந்தாள். தைக்க வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த குழந்தைச் சட்டைத் துணியில் அச்சடித்த மஞ்சள் பூ ஒன்று குழுவில் விழுந்தது. ஓரத்தில் அவள் விரல் நகம் தெரிந்தது. நீக்கினேன். ‘தையல் தப்பாப் போட்டுட்டாங்க. பேசிட்டேன், நல்லா இருக்காங்க’ என்று எழுதினேன்.

லாரி அண்ணன் உடனே, “கண்ணாடி போட்டுக்கிட்டுப் பூ போடச் சொல்லுப்பா. உன் கடையிலயே வாங்கிக்கட்டும், வியாபாரமும் ஆச்சு” என்று குரல் அனுப்பினார். வாத்தியார் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார். அதோடு முடிந்தது. அவள் பூவைப் பார்த்த எல்லோரும் நிம்மதியாக அவரவர் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

நான் மட்டும்தான் கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிடவில்லை.

அவள் கூப்பிட்டாள். போன் லென்ஸ் மெஷின் பக்கத்தில் அதிர்ந்தது, திரையில் தையல் என்று வந்தது. முதலாளி கவுன்டரிலிருந்து, “டேய், ஒண்ணு எடு, இல்ல அணை. கஸ்டமர் இருக்காங்கல்ல” என்றார். கவிழ்த்து வைத்தேன். நின்றது. மறுபடி அதிர்ந்தது. என் கையில் ஒரு சிறுமியின் லென்ஸ் இருந்தது, ஓரம் இன்னும் கொஞ்சம் சரியாக வேண்டும். வேலை காரணம் இல்லை, மேடம். உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். யாருமே வரவில்லை என்று அவள் நன்றாகப் பயந்த பிறகு நான் எடுத்தால், இனி ஒருநாளும் போக மாட்டாள் என்று நினைத்தேன். இன்னும் ஒரு தடவை அடித்தால் எடுப்பதாக இருந்தேன்.

அடிக்கவில்லை.

லென்ஸை முடித்துவிட்டு நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. அவள் முகவரி என்னிடம் இருந்தது. லாரி அண்ணன் அந்தப் பக்கம்தான் லோடு இறக்கிக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை சொன்னால் பறந்திருப்பார். சொன்னால் நீக்கிய பூவைப் பற்றிக் கேட்பார்கள். ஒரு பூ என்றால் எல்லாப் பூவையும் கேட்பார்கள். அதனால் சிறுமியின் கண்ணாடியைத் துடைத்து, உறையில் போட்டு, கடை மூடும்வரை உட்கார்ந்திருந்தேன். இதை எழுதிக்கொள்ளுங்கள். பூவை நீக்கியது நான், போனை எடுக்காதது நான், முகவரி கையில் இருந்தும் சொல்லாதது நான்.

மிச்சத்தை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். அவள் தானாகவே கதவைத் திறந்துகொண்டு போய் எதிர்வீட்டைத் தட்டினாள், “தப்புப் பண்ணிட்டேன், எங்கக்காவக் கூப்புடுங்க” என்றாள், பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “வாத்தியார் நல்லா இருக்காரா?” என்பதுதானாம். அக்காவுக்கு யார் அந்த வாத்தியார் என்று புரியவில்லை. தங்கையின் போனில் தேடி வாத்தியாரைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் லாரி அண்ணனோடு ஓடி வந்து, “எனக்கென்னம்மா, குத்துக்கல்லாட்டம் இருக்கேனே” என்று அவள் கட்டில் பக்கத்தில் நின்று அழுதிருக்கிறார். அப்புறம் அக்காவும் அவர்கள் இருவரும் உட்கார்ந்து, நான் யார் யாரிடம் என்ன சொன்னேன் என்று ஒப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். அங்கிருந்துதான் நீங்கள் கடைக்கு வந்தீர்கள்.

எதிர்வீட்டுக் கதவை அவள் ஏன் தட்டினாள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வாழ ஆசைப்பட்டாள் என்கிறீர்கள். இருக்கலாம். என் போன் கிடைக்காமல்தான் அங்கே போனாள் என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும்.

தண்டனை எதுவானாலும் சரி. ஒரே ஒரு உதவி செய்யுங்கள், மேடம். என்னை ஒருமுறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அம்மா இருக்கிறார், அக்கா கையை விடாமல் உட்கார்ந்திருக்கிறாள், டாக்டர் தினமும் வந்து பேசுகிறார், லாரி அண்ணனும் வாத்தியாரும் வாசலிலேயே கிடக்கிறார்கள் என்று நீங்கள் சொல்லச் சொல்ல என்னால் இங்கே உட்காரவே முடியவில்லை. அவளைப் பார்த்துக்கொள்ள அங்கே ஒருவர்கூட இல்லையே.