நொட்டாங்கைச் சரம்

சிவகாசி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு தாயும் மகளும். மகள் ஆராய்ச்சிப் படிப்பு போலிருக்கிறது.

"நம்ம வலது, இடது கை மாதிரியே மருந்துலயும் சோத்தாங்கை, நொட்டாங்கை உண்டும்மா. ஒண்ணுதான் நோயத் தீக்கும். அதே மாதிரி ஒரே கையா இருக்குற அமினோ அமிலத்த வினையூக்கியா ஒரு சிட்டிகை போட்டா, அந்தக் கை மட்டும் உருவாகும்."

"எங்க வெடிக் கம்பெனியில எங்கூட வேலை பாத்த மாரி இருந்தால்ல, அவ நொட்டாங்கையிலதான் சரம் பின்னுவா. முறுக்கு எதிர்ப்பக்கமா விழும், மத்தவுக சரத்தோட சேராது. போர்மேன் அவள வேலைய விட்டு நிப்பாட்டப் பாத்தாரு. நானும் நொட்டாங்கைக்கு மாறுனேன். எங்க ரெண்டு பேரு சரமும் சேந்துருச்சு, அவ வேலையும் தப்பிச்சுருச்சு."

"அவுக கல்யாணமாகிப் போனப்புறம்?"

"கம்பெனியில சோத்தாங்கைக்கு மாத்திக்கிட்டேன். ஒனக்குச் சடை பின்னுறது மட்டும் இன்னைக்கும் அவ கைப்பழக்கந்தான்."

மகள் தன் சடையை முன்னால் இழுத்துப் போட்டுப் பார்த்தாள்.